“விசாரணைக்குத்தானே” என்று இருந்துவிடாதீர்கள்

போன வாரம் ஓர் அம்மா என்னைத் தேடி நீதிமன்றத்துக்கு வந்தார். காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி. மகனைக் காவல் நிலையத்தில் இரண்டு இரவு வைத்திருந்து மூன்றாம் நாள்தான் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியிருக்கிறார்கள். “விசாரணைக்குத்தான், கைது இல்லை என்றார்கள். வக்கீலோடு போனால் கோபம் வரும் என்று சும்மா இருந்தோம்” என்றார். இந்த மாதத்தில் இதைச் சொல்லும் மூன்றாவது குடும்பம் இது.

எத்தனை முறை சொல்வது? எழுந்து வீட்டுக்குப் போக விடவில்லை என்றால் அது காவல்தான், அவர்கள் என்ன பெயர் வைத்தாலும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. அந்தக் கணக்கு பிடித்த நேரத்திலிருந்து ஓடுகிறது, ஏட்டில் எழுதிய நேரத்திலிருந்து அல்ல. புதிய சட்டத்தில் எல்லாம் மாறிவிட்டதாம் என்கிறார்கள். இது மாறவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (BNSS) 58ஆம் பிரிவும் அதே 24 மணி நேரத்தைத்தான் சொல்கிறது.

அந்த அம்மாவின் மகனுடைய கைதுக் குறிப்பாணையை, அதாவது கைது நேரத்தைப் பதியும் தாளை, வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலைதான் பிடித்ததாக இருந்தது. கீழே சாட்சிக் கையெழுத்து, பையனின் தாய்மாமனுடையது! உறவினரோ ஊர்க்காரரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும் என்று 1996இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, இப்படி நேரத்தை மாற்றக்கூடாது என்பதற்காகத்தான். தேதியையும் மணியையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளில் போடவே போடாதீர்கள்.

அழைத்துப் போன நேரத்தை உடனே எழுதி வையுங்கள். தந்தி இருந்த காலத்தில் கலெக்டருக்கும் நீதிமன்றத்துக்கும் தந்தி அடிக்கச் சொல்வோம், அதில் பதிந்த நேரமே பிறகு பேசும். இன்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நிலையத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். ஒரு தெருவில் மகளிர் குழுப் பெண்கள் பத்துப் பேராகப் போய் வாசலில் நின்று கேட்டார்கள். அன்று மாலையே பையனை நீதிமன்றத்துக்கு அழைத்து வந்தார்கள். அவர்களுடைய குழு நோட்டின் பின்னட்டையில் 15100 என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அது சட்ட உதவிக்கான இலவச எண்.

இலவச வக்கீல் ஒப்புக்கு வருவார் என்ற பேச்சையும் விடுங்கள். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். அந்த அம்மா தோட்டை அடகு வைத்த பணமோ, நிலைய வாசலில் நின்ற ஒருவர் கைக்குப் போயிருக்கிறது. அவர் வக்கீலே இல்லை.

தயவுசெய்து முதல் இரவே கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.