சைலீனுக்குத் தப்பி ஒளியிடம் மாட்டிய பிளாஸ்டிக்

காரைக்குடியில் லேப் டெக்னீஷியன் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "கண்ணாடி ஸ்லைடு கையைக் கிழிக்குது, கீழே விழுந்தா பயாப்சியே போச்சு. பிளாஸ்டிக்கில் செய்யக் கூடாதா சார்?"

திசுவை மெழுகில் புதைத்து, 4 மைக்ரான் கனத்தில் சீவி, ஸ்லைடில் ஒட்டி, ஹெமடாக்சிலின், இயோசின் என்ற சாயங்களை ஏற்றுவார்கள். சாயம் ஏறுமுன் மெழுகு போக வேண்டும்; அதற்குச் சைலீன் என்ற கரைப்பான். வம்பு அங்கேதான். மெழுகும் ஹைட்ரோகார்பன், சைலீனும் ஹைட்ரோகார்பன், பாலிஸ்டைரீனும் அதே குலம். ஒரே குலம் ஒன்றையொன்று கரைக்கும். தெர்மோகோலும் பாலிஸ்டைரீன்தான்; அதில் பெட்ரோல் பட்டால் என்ன ஆகும்? ஸ்லைடுக்கும் அதே கதி. அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் தாங்காது.

தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் தாங்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பெட்டை இழுத்து நீட்டினால் அதன் சங்கிலிகள் இழுத்த வாக்கில் படிந்து, கண்டாங்கிச் சேலையின் பாவு நூல்போல நெருங்கி அடுக்கிக்கொள்ளும். சைலீன் நுழைய இடுக்கு கிடைக்காது. ஆனால் அந்த ஒழுங்கே ஒளிக்கு இடைஞ்சல்: சங்கிலியின் நெடுக்கே அதிரும் ஒளிக்கு ஒரு வேகம், குறுக்கே அதிரும் ஒளிக்கு வேறு வேகம். இதுதான் இரட்டை ஒளிவிலகல். அமிலாய்டு என்பது திசுக்களில் படியும் ஒரு புரதக் கசடு. காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றிய அமிலாய்டு, துருவ ஒளியில் (குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவே) ஆப்பிள் பச்சையாக மின்னுவதைப் பார்த்துத்தான் நோயை உறுதிசெய்கிறார்கள். ஸ்லைடே வானவில்லாக மின்னினால் எதைப் பார்ப்பது? கண்ணாடியின் அணுக்களுக்கு வரிசை கிடையாது. எல்லாத் திசையும் ஒன்று. பின்னணி கருப்பாகவே நிற்கும்.

திசு ஒட்டுமா என்ற கவலை சிறியது. கண்ணாடியும் எளிதில் ஒட்டவிடாது; ஆத்தங்குடிக் கல்லே கண்ணாடித் தகட்டில் வார்த்துப் பிரித்தெடுப்பதுதான். கண்ணாடிக்கும் நேர்மின்னேற்றப் பூச்சு கொடுத்தால்தான் திசு உறுதியாகப் பிடிக்கும். பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்மா பதம் (மின்னேற்றிய வாயுவால் மேற்பரப்பைப் பதப்படுத்துவது) போதும். செல் வளர்க்கும் தட்டுகளில் தினமும் நடப்பது அது.

ஆக, மாற்ற வேண்டியது சைலீனையே என்பது என் கட்சி. சைலீன் இல்லாவிட்டால் இழுத்து நீட்டிய பெட்டும் தேவைப்படாது. சூடான சோப்புக் கரைசலால் மெழுகை எடுக்கும் தானியங்கிச் சாயக் கருவிகள் இருக்கின்றன. கடைசியில் திசுவின் மேல் மூடுதகட்டை ஒட்டுவதற்குக் கிளிசரின் ஜெல்லி உண்டு. சைலீன் புகை மூக்கில் ஏறாமலும் இருக்கும். ஆனால் இப்படிப்பட்ட வேலைக்குப் பணம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததால்தான் 1948-இல் இதே ஊரில் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரிக்கு அடிக்கல் விழுந்தது. அந்த மனசு இன்றைக்கும் வேண்டும்.

தங்கச்சி, இரண்டு போலராய்டு கண்ணாடிகளைச் சேர்த்துப் பிடித்து, இருட்டும்வரை ஒன்றைத் திருப்பு. நடுவில் பாட்டில் துண்டொன்றைச் செருகு. அப்புறம் உன் கண்ணாடி ஸ்லைடைச் செருகிப் பார்.