புரையடைப்பு: வார்ப்புக்குச் ‘செறிவூட்டல்’ பொருந்தாது

பெங்களூரு பீன்யாவில் அலுமினிய வார்ப்புகளைக் கடையும் ஒரு பட்டறையில், ஓசூர், தருமபுரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கென்று தமிழில் அச்சிட்ட சோதனைத் தாளைச் சென்ற மாதம் பார்த்தேன். தலைப்பு ‘செறிவூட்டல் தரச் சோதனை’ என்றிருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் அதை இருமுறை படித்துவிட்டு, “அண்ணா, இதுல எந்த உலோகத்த கூடச் சேக்குறோம்?” என்று மேற்பார்வையாளரிடம் கேட்டான். அவன் சொல்லைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தான், தாள்தான் தவறு.

வார்ப்பின் உள்ளே ஓடும் நுண்துளைகளைப் பிசினால் அடைக்கும் வேலையை ஆங்கிலம் இம்ப்ரெக்னேஷன் என்கிறது; அதைத்தான் தாள் செறிவூட்டல் என்று மொழிபெயர்த்திருந்தது. இம்ப்ரெக்னேஷன் என்பது கருவுறச் செய்தலைக் குறித்த இலத்தீன் வினையிலிருந்து வந்து, ஒன்றனுள் மற்றொன்றை ஊறச் செய்வதற்கும் ஆகிவந்த சொல். அந்த வேரைப் பிடித்துக்கொண்டு ‘கருவூட்டல்’ என்று எழுதுவோரைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. செறிவூட்டலை அப்படி விட முடியாது. கேட்க நன்றாக இருப்பதாலேயே அது எல்லாத் தாள்களிலும் ஏறிவிட்டது. யுரேனியத்தைச் செறிவூட்டினால் 235 ஐசோடோப்பின் விகிதம் உயர்கிறது. செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் சேர்கின்றன. இரண்டிலும் ஏதோவொரு கூறு மிகுகிறது. வார்ப்பில் அப்படி எதுவும் மிகுவதில்லை. உருகிய அலுமினியத்தில் கரைந்திருந்த ஹைட்ரஜன் உலோகம் உறைகையில் பிரிவதாலும், உலோகமே சுருங்குவதாலும் உள்ளே நுண்ணிய பொள்ளல்கள் விழுகின்றன; வெற்றிடத்தில் அவற்றின் காற்றை வெளியேற்றி, மெத்தாக்ரிலேட் பிசினைப் புகுத்தி, மேலே ஒட்டியதைக் கழுவி, ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் இறுகச் செய்கிறார்கள். உலோகக் கலவை மாறுவதில்லை, நலிந்த வார்ப்பு வலுப்பெறுவதும் இல்லை. கசியும் வழி மட்டுமே அடைபடுகிறது. ஆகவே சோதனையும் கசிவைத்தான் தேடுகிறது. வாய்களை அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, நீர்த்தொட்டியில் அமிழ்த்தினால், பிசின் எட்டாத இடத்திலிருந்து, பெரும்பாலும் கடைந்தெடுத்த திருகுத்துளையின் ஓரத்திலிருந்து, குமிழிகள் நூல் பிடித்தாற்போல் ஏறும். மொழிபெயர்ப்பவர் அகராதியைத் திறக்குமுன் அத்தொட்டியருகே நின்று பார்த்திருக்க வேண்டும்.

நான் பரிந்துரைப்பது ‘புரையடைப்பு’. புரை என்றால் உட்டுளை. ‘புரைதீர்ந்த நன்மை’ என்ற குறள் வழக்கில் அதுவே குற்றம். மேலே ஆறியதுபோல் தோன்றி உள்ளே குடைந்து செல்லும் புண்ணைப் புரையோடிய புண் என்கிறோம். வழவழப்பான மேற்பரப்புக்கு உள்ளே துளை ஓடிய வார்ப்பும் அதே நிலையில்தான் இருக்கிறது. துளையையும் பழுதையும் ஒருசேரச் சொல்லும் இச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. புரை என்றதும் கண்புரை நினைவுக்கு வருமே என்று நண்பர் ஒருவர் தயங்கினார். வார்ப்புப் பட்டறைத் தாளில் அதைப் படிப்பவர் கண் மருத்துவத்தை எண்ணமாட்டார்.

சுழலும் தண்டைத் தாங்கும், எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ்ஷுக்கு மட்டும் இச்சொல் ஆகாது. அதையும் ஆங்கிலம் இம்ப்ரெக்னேஷன் என்றே சொல்கிறது. ஆனால் அங்கே புரை திறந்திருந்தால்தான், கன அளவில் ஏறத்தாழ 5-இல் 1 பங்கு ஊறியிருக்கும் எண்ணெய், தண்டு சுழலும்போது கசிந்து மசகிடும். அதற்கு ‘எண்ணெயூட்டல்’ போதும். இரண்டையும் செறிவூட்டல் என்றே அச்சிட்டுக் கொடுத்தால், அடைக்கவே கூடாத புஷ்ஷும் ஒருநாள் பிசின் தொட்டிக்குள் போய்ச் சேரும்.