விபத்து இழப்பீடு: கையெழுத்துப் போடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

சாலை விபத்தில் அடிபட்டவரும், இறந்தவரின் குடும்பமும் இழப்பீடு கேட்க மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 166-ஆம் பிரிவு வழி கொடுக்கிறது. அதற்கென்றே தீர்ப்பாயங்கள் இருக்கின்றன, கோர்ட் வட்டாரத்தில் எம்சிஓபி கேஸ் என்பார்கள். சட்டம் என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் காலை இழந்து நிற்கிறவர்கள்கூட ஒரே ஒரு தாளில் ஒரு வரி தப்பாக ஏறியதால் தோற்றுப்போவதைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறவில்லை, அதனால் எங்கெங்கே வழுக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வழுக்கல் ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிவிடும். கொண்டுபோய்ப் படுக்கவைத்ததும் டூட்டி டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார். கூட வந்த மச்சான், ஐயோ இவருக்கு லைசென்ஸ் இல்லையே, போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்ற பயத்தில் "வண்டி ஸ்கிட் ஆகி விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிடுவார். அது அப்படியே ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் ஏறும். பிறகு விசாரணையில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த ஏ.ஆர். காப்பியை நீட்டி, லாரி மோதியது என்பதெல்லாம் பின்னால் ஜோடித்த கதை என்பார், அதற்குப் பதில் சொல்வது லேசில்லை. எந்த வண்டி மோதியது, எந்த இடம், எத்தனை மணி, தெரிந்தால் நம்பர், இவற்றை அங்கேயே சொல்லி எழுதவையுங்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்குத் தனியாக அபராதம் உண்டு, ஆனால் அந்த ஒரு காரணத்துக்காக விபத்துக்கு அவரே பொறுப்பாகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. பயந்து பொய் சொன்னால்தான் கேஸ் கெடும்.

அடுத்தது ஸ்டேஷன். "ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வரட்டும்", "இது எங்க எல்லை இல்லை", "அடிபட்டவரே வந்து கையெழுத்துப் போடணும்". ஐசியூவில் கிடக்கிறவர் எப்படி வருவார்? விபத்தைப் பற்றித் தெரிந்த யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், எல்லை எதுவானாலும் எந்த ஸ்டேஷனும் வாங்கிப் பதிய வேண்டும், அதுதான் இப்போதைய சட்டம். புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமான சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பினால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அது எஃப்ஐஆர் ஆகாது. பதிய மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எஃப்ஐஆர் நகல் இலவசம், அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள விதிகளின்படி, போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையையும் 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அது தானாக நடக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஏனென்றால் அதே 2022 ஏப்ரலில் வந்த மாற்றப்படி, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் மனு போடக் கெடு. "சார்ஜ் ஷீட் வரட்டும், அப்புறம் போடலாம்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். காலம் கடந்தது என்று மனுக்களைத் தள்ளக் கூடாது என 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனால் அது இடைக்கால உத்தரவு. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

இதற்குள் வார்டுக்கே ஒருவர் வந்துவிடுவார். வண்டிக்காரர் தரப்பு ஆள் என்றால் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கொஞ்சம் பணமும் கூடவே ஒரு ஸ்டாம்ப் பேப்பரும் நீட்டுவார். புரோக்கர் என்றால் வக்காலத்துத் தாள், எழுதாத வெள்ளைத் தாள், பாஸ்புக், கையெழுத்துப் போட்ட செக் எல்லாம் கேட்பார், "வர்ற பணத்துல இத்தனை பர்சென்ட் போதும், இப்ப ஒண்ணும் வேண்டாம்" என்பார். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படி வக்கீல்களுக்குத் தடை. பல வீடுகளில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள், கணக்கில் எவ்வளவு விழுந்தது, அதில் எவ்வளவு எடுக்கப்பட்டது என்றே தெரியாமல் இருக்கிறார்கள். பெண்கள், எஸ்சி, எஸ்டி பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே அரசுச் செலவில் வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். தனி வக்கீல் வைத்தாலும் கட்டணத்தை முதலிலேயே பேசி எழுதி வாங்கிக்கொண்டு, கேஸ் நம்பரைக் கேட்டு வாங்குங்கள்.

தொகை எங்கே குறைகிறது என்றால், வருமானச் சான்றிலும் ஊனச் சான்றிலும்தான். கூலி வேலைக்காரரிடம் சம்பளச் சீட்டு இருக்காது, வேலை கொடுத்த மேஸ்திரியையே சாட்சியாக அழைத்து வரலாம். ஊனச் சான்றில் 30 சதவீதம் என்று மட்டும் இருந்தால் போதாது. கொத்தனாருக்குக் கை மடங்கவில்லை என்றால் பிழைப்பே போச்சு, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2010-லிருந்தே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, அதைச் சாட்சியத்தில் சொல்லவைக்க வேண்டும். இன்னொரு பொறி, பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு. ஓட்டியவர் மேலேயே தவறு, பைக்குக்கு இருப்பதோ வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால், அந்த இன்சூரன்ஸ் கம்பெனி கை விரித்துவிடும்.

மோதிய வண்டி நிற்காமல் போய், எதுவென்றே தெரியவில்லையா? உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. இதற்குக் கோர்ட் வேண்டாம், ஆர்டிஓ என்கிற வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். வண்டி லைசென்ஸ் தரும் ஆர்டிஓ ஆபீசுக்குப் போய் வீணாக அலையாதீர்கள்.

கடைசியாக, இரு தரப்பும் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது. ராடு எடுக்கும் ஆபரேஷன் இன்னும் பாக்கி இருந்தால், அதற்கு எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி ஃபைலில் சேர்த்த பிறகே தொகை பேச உட்காருங்கள்.