அரம் (கோப்பு அல்ல)

உலோகம் தேய்க்கும் சிறு கருவியான 'நீடில் பைல்' என்பதை மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுத்தால் 'ஊசிக் கோப்பு' என்று வந்து நிற்பதுண்டு. சிரிக்க வைக்கும் பிழைதான். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சொல்லின் கதை தெரியும். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் ஒன்று, சொல் இரண்டு. தாள்களை அடுக்கும் பைல், நூலிழையைக் குறிக்கும் இலத்தீன் 'பிலும்' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தாள்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்த காலத்துப் பெயர் அது. அதற்கு 'கோ' என்ற வினையிலிருந்து கோப்பு என்று எடுத்தது அருமையான பொருத்தம். உலோகம் தேய்க்கும் பைலுக்கோ நூலோடு உறவே இல்லை. அது பழைய ஆங்கிலச் சொல். செருமன் மொழியின் 'பைலெ' அதன் உறவு.

இதற்குத் தமிழ் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. அரம் இருக்கிறது. மலையாளத்திலும் அரம், கன்னடத்தில் அர. வினை அராவுதல், பட்டறைப் பேச்சில் 'ராவு'. உதிர்வது அரப்பொடி. ரம்பம் என்று நாம் சொல்லும் அரம்பமும் இதே குடும்பம். குறளில் அரம் மூன்று இடங்களில் வருகிறது. 567இல் கடுஞ்சொல்லும் மிகைத் தண்டனையும் வேந்தனின் வலிமையைத் 'தேய்க்கும் அரம்'. 888இல் உட்பகை உள்ள குடி 'அரம்பொருத பொன்போலத் தேயும்'. 997இல் மட்டும் 'அரம்போலும் கூர்மையர்' என்று உவமை திரும்புகிறது. தேய்ப்பு, கூர்மை இரண்டும் சரிதான்: அரத்தின் ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டி உளி, அது தேய்ப்பதுபோல் தெரிந்தாலும் உண்மையில் செதுக்குகிறது.

சொல் இருந்தும் தடுமாற்றம் அடைமொழியில்தான். 'ஹேண்ட் பைல்' என்பதைக் கையரம் என்று பெயர்த்தால் கையால் பிடிக்கும் எல்லா அரத்தையும் குறிக்கும். கடையில் அது ஒரு தனி வடிவம்: அகலம் கடைசிவரை ஒரே சீர், ஒரு விளிம்பில் பல் இல்லை. 'பிளாட் பைல்' முனை நோக்கி ஒடுங்கும், இரு விளிம்பிலும் பல் உண்டு. பல்லில்லாத அந்த 'சேஃப் எட்ஜ்' என்பதை வெறும் விளிம்பு எனலாம். பள்ளத்தின் சுவரை ஒட்டித் தளத்தை மட்டும் அராவ அதுதான் உதவும். அது இல்லாத அரம் தளத்தோடு சுவரையும் தின்றுவிடும். 'மில் பைல்' மாவு மில்லுக்கானதல்ல. மர ஆலை அரம்பங்களைத் தீட்டியதால் வந்த பெயர். ஒற்றை வெட்டுத் தட்டை அரம் (பல் வரிசை ஒரே திசையில் மட்டும்) என்றால் போதும். 'பாஸ்டர்ட்' என்பதை ஐ.டி.ஐ. மாணவர்கள் கூச்சமில்லாமல் அப்படியே சொல்கிறார்கள். முரட்டு வெட்டுக்கும் மென்மையான 'செகண்ட் கட்' வெட்டுக்கும் இடைப்பட்டது என்பதால் 'இடைக்கரடு' என்பது எங்கள் பரிந்துரை.

பெயரை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது. 1864இல் தொடங்கிய நிக்கல்சன் போன்ற நிறுவனங்களின் அமெரிக்க வகையில் கரடு நீளத்தைப் பொறுத்தது: 12 அங்குல இடைக்கரடு, 6 அங்குல இடைக்கரட்டைவிட நன்றாகவே முரடு. வலோர்ப் போன்ற நிறுவனங்களின் சுவிஸ் வகையில் 00 முதல் 6 வரை எண். எண் கூடக் கூட மென்மை. ஆகவே நீளம், வடிவம், வெட்டு மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இந்த அரங்களைக் கொண்டு வீட்டுப் பட்டறையில் துப்பாக்கி வேலை செய்யும் பொழுதுபோக்கு தழைத்திருப்பது அமெரிக்காவில். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும். ஆனால் பூட்டு, கத்தி, தையல் எந்திர வேலைக்கும் இதே அரங்கள்தான். தொடக்கத்துக்கு ஐந்து போதும்: 10 அங்குல ஒற்றை வெட்டுத் தட்டை அரம், 6 அல்லது 8 அங்குலத்தில் 2ஆம் எண் 'பில்லர்' (ஒடுங்கிய, தடித்த, வெறும் விளிம்புள்ள அரம்), ஒரு முக்கோண அரம், திருகுத் தலைப் பிளவைச் சீராக்கும், விளிம்பில் மட்டும் பல்லுள்ள மெல்லிய அரம், ஒரு தொகுதி ஊசி அரம்.

அரத்தின் தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதைக் குறிபார்க்கும் 'சைட்' உட்காரும் டவ்டெயில் பள்ளத்தில் பார்க்கலாம். அமெரிக்கத் துப்பாக்கிகளில் பரவலானது 3/8 அங்குலம், 60 பாகைச் சரிவு. அடி அகன்று வாய் குறுகியது. முதலில் ஹேக்சா அரம்பத்தால் அருகருகே சில வெட்டுகள், ஆழம் தொடுவதற்குச் சற்று முன்பே நிறுத்தி. பிறகு பில்லரால் தளம். கடைசியில் முக்கோண அரத்தால் சரிவு. இங்கேதான் பலருக்கும் கெடும். கடையில் வாங்கும் முக்கோண அரத்துக்கு மூன்று முகத்திலும் பல், மூலையோ சற்று மழுங்கல். சரிவை அராவ அராவ, கீழ் முகம் முடிந்த தளத்தை ஆழமாக்கும். மூலையும் கூராக வராது, சைட் அடியில் முட்டி நிற்கும். ஒரு முகத்தின் பல்லைச் சாணைக்கல்லில் முற்றிலும் நீக்கிவிட்டால் இரண்டும் தீரும்: அந்த முகம் தளத்தில் வழுக்கும், மூலையும் கூராகும். சாணையில் சூடேறி எஃகில் நீலம் பாயவிடக் கூடாது. பாய்ந்தால் பல் பதம் இழக்கும்.

பொருத்திப் பார்க்கச் சைட்டின் அடியில் விளக்குக் கரி பூசுங்கள். பள்ளத்தில் கரி ஒட்டிய இடத்தில் மட்டும் அராவுங்கள். விரலால் மூன்றில் ஒரு பங்கு நுழைந்தால் போதும், மீதியைப் பித்தளைக் கோலால் தட்டலாம். அதன் பிறகும் இறுக்கமாக இருந்தால் பள்ளத்தை விட்டுவிட்டுச் சைட்டின் அடியை அராவுங்கள். கெட்டால் சைட் வாங்கலாம், பள்ளம் வெட்டிய துப்பாக்கிக் குழலை எளிதில் வாங்க முடியாது.

குழலின் பட்டையைச் சீராக்க ஒற்றை வெட்டு அரத்தைக் குறுக்கே இரு கையாலும் பிடித்து நீளவாட்டில் தள்ளி இழுப்பார்கள். இதை இழுப்பராவல் எனலாம். கோடு விழுந்தால் பல்லிடுக்கில் பொடி அடைத்திருக்கிறது என்று பொருள். கம்பித் தூரிகையால் வெட்டின் போக்கில் தட்டி, சாக்பீஸ் தேய்த்துத் தொடருங்கள். எண்ணெய் வேண்டாம், பல் பிடிக்காமல் வழுக்கும். அழுத்தம் தள்ளும்போது மட்டும். திரும்பும்போது அழுத்தினால் பல் முனை மழுங்கும்.

அராவும் முன் பழைய அரத்தின் மூலையால் ஒரு தொடுகை. கண்ணாடியில் போல் வழுக்கினால் அந்த எஃகு பதப்படுத்தப்பட்டது. புது அரத்தை வைத்தால் பல்தான் போகும். புது அரத்தை முதலில் பித்தளைக்கு வைத்து, கொஞ்சம் தேய்ந்தபின் எஃகுக்கு மாற்றுவது பழைய வழக்கம், ஏனென்றால் மழுங்கிய அரம் பித்தளையில் பிடிக்காது. பூண் போட்ட மரப்பிடி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது: அரம் திடீரென முட்டி நின்றால் வால் (பிடிக்குள் செருகும் கூர்முனை) உள்ளங்கையில் ஏறும். பிடி போடும்போது அரத்தைச் சுத்தியால் அடிக்காதீர்கள். வாலைச் செருகிப் பிடியின் அடியை மேசையில் தட்டினால் அதுவே இறுகும்.