பதினாறு அட்டவணை, ஒரே கேள்வி

ஏற்காட்டில் நான் கணினி வேலை செய்துகொடுக்கும் ஒரு காபி எஸ்டேட்டில், பழம் பறிப்பவர்களின் எடைக் கணக்கை வருஷத்துக்கு ஓர் அட்டவணையாக வைத்திருக்கிறார்கள். பறிப்பு_2009 தொடங்கி பறிப்பு_2024 வரை 16. மொத்தம் எத்தனை வரி இருக்கிறது என்று மேனேஜர் கேட்டார். ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணத் தேவையில்லை, தரவுத்தளத்திடமே கேட்கலாம்.

தன்னிடம் என்னென்ன அட்டவணைகள் உள்ளன என்பதையும் தரவுத்தளம் அட்டவணையாகவே வைத்திருக்கும். அதையும் அதே மொழியில் கேள்வி கேட்டு அறிய முடிய வேண்டும் என்பது, இந்த அட்டவணை முறைத் தரவுத்தளத்துக்கு அடித்தளமிட்ட எட்கர் காட் 1985இல் வகுத்த விதிகளில் ஒன்று. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் 1992ஆம் ஆண்டுத் தரம் அந்தப் பட்டியலுக்கு 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா' என்று பெயர் வைத்தது. எஸ்டேட்டில் இருக்கும் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில், அதில் வரி எண்ணிக்கைக்கென்றே ஒரு நெடுவரிசை உண்டு. பெயர் 'பறிப்பு_' என்று தொடங்குபவற்றை எடுத்துக் கூட்டினால் நொடியில் விடை.

ஆனால் அந்த விடையை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது. குடோனில் மூட்டைகளை எண்ணாமல், நாலைந்து அடுக்கை மட்டும் எண்ணிப் பெருக்கிச் சொல்வதைப் போன்றது அது. மைஎஸ்க்யூஎல்லுக்குள் தரவைச் சேமித்து வைக்கும் பகுதியான இன்னோடிபி, வழக்கமாக 20 பக்கங்களை (தரவு சேமிக்கப்படும் துண்டுகளை) மாதிரி பார்த்து மதிப்பிடுகிறது. 40 முதல் 50 சதவீதம் வரை வித்தியாசம் வரலாம் என்று அதன் கையேடே சொல்கிறது. தரவுத்தளமே சரியான எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் என்ன? முடியாது. எடை போடும் மேஜையில் ஒருவர் ஒரு வரியைப் பதிந்து, இன்னும் உறுதி செய்யவில்லை என்றால், அவர் கண்ணுக்கு அந்த வரி இருக்கும், எனக்கு இருக்காது. ஒரே நொடியில் இருவருக்கும் இரண்டு எண்கள், இரண்டுமே சரி.

அப்புறம் இன்னொரு பொறி. பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேடும் 'லைக்' தேடலில் அடிக்கோடு என்பது 'ஏதாவது ஓர் எழுத்து' என்றும், % என்பது 'எத்தனை எழுத்தானாலும்' என்றும் பொருள்படும். 'பறிப்பு_%' என்று தேடியபோது 'பறிப்புக்கூலி' என்ற அட்டவணையும் சேர்ந்து வந்தது, அடிக்கோட்டின் இடத்தில் 'க' உட்கார்ந்துகொண்டது. அடிக்கோட்டுக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போட்டால் தீர்ந்தது.

துல்லியம் வேண்டுமென்றால், பட்டியலிலிருந்து பெயர்களை மட்டும் வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் வரிகளை எண்ணும் 'கவுண்ட்' கேள்வி ஒன்றை எழுத்துத் தொடராகத் தயாரித்து, விடைகளை ஒன்றாகச் சேர்க்கும் 'யூனியன் ஆல்' போட்டு ஒட்டி ஓட்ட வேண்டும். நாளை பறிப்பு_2025 வந்தாலும் அது தானே சேர்ந்துகொள்ளும். எல்லா வரிகளையும் நிஜமாகப் படிப்பதால் நேரம் பிடிக்கும்; அதனால் மார்கழிச் சாயங்காலம் எடை போடும் நேரத்தில் நான் இதை ஓட்டுவதில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான்.