ஆசிரியர் வழக்காறு: 'டீச்சர் கல்ச்சர்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஆசிரியர் பயிற்சிகளில் 'டீச்சர் கல்ச்சர்' என்ற தொடர் அடிக்கடி காதில் விழுகிறது. தமிழில் எழுத நேர்ந்தால் 'ஆசிரியர் கலாச்சாரம்' என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறோம். அந்தத் தொடரில் ஒரு வேடிக்கை உண்டு. ஆசிரியர் என்பது 'ஆசார்ய' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். கலாசாரம், கலையோடு ஆசாரம் சேர்ந்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: நடந்துகொள்ளுதல். (ஆசு இரியச் செய்பவர், அதாவது குற்றத்தை ஓட்டுபவர் ஆசிரியர் என்று மேடையில் பிரித்துக் காட்டுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.)

'கல்ச்சர்' உழவில் பிறந்த சொல். இலத்தீனில் 'கொலேரே' என்றால் உழுதல், பேணுதல். நீலகிரியின் கேத்தி பாலாடாவில் கேரட் போடுமுன் மண்ணைப் பண்படுத்துவதைப் பார்த்தவருக்குப் 'பண்பாடு' பொருத்தமாகவே தோன்றும். ஆனால் 'பண்பெனப் படுவது பாடறிந் தொழுகுதல்' என்ற கலித்தொகை அடியில் பழகிய காதுக்குப் பண்பு என்றாலே பாராட்டுத்தான். கெட்ட பண்பாடு என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கும்.

கல்வி ஆய்வில் இந்தத் தொடர் பாராட்டும் அன்று, பழியும் அன்று. ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் எங்கும் எழுதிவைக்காமலே கடைப்பிடிக்கும் நடைமுறைகளையும் நம்பிக்கைகளையும் அது குறிக்கிறது. வகுப்புக் கதவை மூடிக்கொண்டு தனியாகப் பாடுபடும் தொழில் இது என்று 1975-இல் காட்டியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி. கல்வி ஆய்வாளர் ஆண்டி ஹார்கிரீவ்ஸ் 1990-களில் இன்னும் இரண்டைச் சேர்த்தார்: பாடவாரியாகக் குட்டி நாடுகளாய்ப் பிரிந்து கிடப்பது, மேலிடத்து உத்தரவால் உண்டாகும் போலி ஒத்துழைப்பு. முதலாவது மேல்வகுப்புகளில் அதிகம். கணக்கு வகுப்பில் சமன்பாட்டைச் சரியாகப் போடும் மாணவி, அதே சமன்பாடு இயற்பியலில் வந்தால் விழிக்கிறாள். இரு ஆசிரியர்களும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. இரண்டாவதை விளக்கவே வேண்டாம். வருகைப் பதிவில் கையெழுத்திட்டு, தேநீர் குடித்துக் கலைந்த கூட்டங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இத்தனையையும் தாங்க 'வழக்காறு' போதும் என்பது என் கட்சி. வழக்கும் ஆறும் சேர்ந்த சொல் அது; ஆறு என்றால் வழி. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடும் ஒற்றையடித் தடத்தை யாரும் திட்டமிட்டுப் போடவில்லை, எல்லோரும் நடந்ததில் விழுந்தது. 'நாட்டார் வழக்காறு' ஏற்கெனவே ஆய்வில் நிலைத்த தொடர். நல்ல வழக்காறு, கெட்ட வழக்காறு இரண்டையும் தயங்காமல் சொல்லலாம்.

கோத்தகிரிப் பக்கம் நான் தமிழ் நடத்திய பள்ளியில், வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசும் பிள்ளையும், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய தேயிலைத் தொழிலாளரின் பேத்தியும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். ஆசிரியர்கள் எங்களில் பாதிப்பேர் கீழே சமவெளியிலிருந்து வந்து, அடுத்த மாறுதல் கலந்தாய்வுக்கு நாள் எண்ணியவர்கள். 'இந்தப் பிள்ளைகளுக்கு இது போதும்' என்பது ஆசிரியர் அறையின் நிரந்தர வாக்கியம். 'மக்கு' போய் 'மெல்லக் கற்போர்' என்ற சொல் வந்தபோதும், அதைச் சொன்ன தொனி மாறவில்லை.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்புக் கட்டுரையில் ஒரு பையன் 'எங்கள் ஹட்டி' என்று எழுதியிருந்தான். ஹட்டி என்றால் படுகில் ஊர். ஆசிரியர் அறையே சிரித்தது, நானும்தான். புதிதாக வந்திருந்த ஆசிரியை மட்டும் அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். மறுநாள் கரும்பலகையில் பட்டி–ஹட்டி, பால்–ஹாலு, பத்து–ஹத்து என்று வரிசையாக எழுதி, தமிழில் 'ப' நிற்கும் இடத்தில் படுகில் 'ஹ' நிற்பதை அந்தப் பையனையே விளக்கச் சொன்னார். அதுவரை வாய் திறக்காதவன், மணி அடித்த பிறகும் சொல் தேடிக்கொண்டிருந்தான்.

இரண்டு வாரம் கழித்து, ஊர்ப்பெயர்களைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டும் என்று சமூக அறிவியல் ஆசிரியர் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் போனார். அவரும் அன்று சிரித்தவர்தான்.