மஞ்சப்பையை எடைபோட்ட இயந்திரம்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து கடைக்குக் கிளம்பும் பெண்கள் மடித்த மஞ்சப்பை ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளாமல் போவதில்லை. சென்ற மாதம் அத்தையும் அப்படித்தான் கிளம்பினார். போன இடம், வாங்குபவரே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்கள் வைத்திருக்கும் ஒரு பெரிய கடை. துவரம்பருப்புப் பாக்கெட்டைக் கண்ணாடிக்கு மேல் காட்டினார், பீப் என்றது. பக்கத்து மேடையில் மஞ்சப்பையை விரித்து வைத்தார். உடனே திரை சிவந்தது, தலைக்கு மேல் விளக்கு எரிந்தது, பில்லில் இல்லாத பொருள் இருப்பதாக எழுத்து வந்தது. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஊழியர் வந்து ஓர் அட்டையைக் காட்டிச் சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் அத்தை என்னிடம் கேட்டார்: “என்னப்பா, அது என்னைத் திருடி என்று நினைத்துவிட்டதா?”

வீட்டுக்கு வந்து பில்லை நீட்டி இன்னொன்றும் கேட்டார். “பணம்தான் கட்டியாயிற்றே, போன் நம்பர் போடு, போடு என்று ஏன் அத்தனை முறை கேட்டது?”

முதல் கேள்விக்குப் பதில் அந்த மேடைக்கு அடியில் இருக்கிறது. அங்கே இருப்பது ஒரு தராசு. அதன் உள்ளே துளையிட்டு நடுவில் மெலிதாக்கிய ஓர் அலுமினியக் கட்டை. மேலே எடை ஏறினால் மெலிந்த இடம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. அந்த இடத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் கோலத்தின் நெளிக்கோடு போல உலோகக் கம்பி மடங்கி மடங்கி ஓடும். கட்டை வளைந்தால் கம்பியும் இழுபட்டு நீளும், நீண்டால் மெலியும், மெலிந்தால் அதன் மின்தடை கூடும். முழு எடை ஏறினாலும் கூடுவது ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். இவ்வளவு சிறிய மாற்றத்தை நேரடியாக அளப்பது கடினம். அதனால் பள்ளியில் படித்த வீட்ஸ்டன் சமனச்சுற்றுப்படி நான்கு கம்பிகளை இணைத்துவிடுகிறார்கள். இரண்டு நீள, இரண்டு சுருங்க, அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் மட்டும் மின்னழுத்தமாக வெளிவரும். இப்படிக் கம்பியை ஒட்டி அளக்கும் முறையை 1938-ல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் தனித்தனியே கண்டுபிடித்தார்கள்.

காசிமேட்டில் வஞ்சிரம் நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசின் வயிற்றிலும் இதே வகைக் கட்டைதான் இருக்கிறது. ரேஷன் கடையில் அரிசி நிறுக்கும் தராசிலும் அதுதான். ரேஷன் கடைகளில் இப்போது தராசையும் பில் போடும் கருவியையும் புளூடூத் மூலம் இணைத்து வருகிறார்கள். எடை சரியாக நின்றால்தான் பில் வரும். அங்கே தராசு விற்பவரைக் கண்காணிக்கிறது. பெரிய கடையில் அதே தராசு வாங்க வந்தவரைக் கண்காணிக்கிறது. அத்தைக்குச் சுருக்கென்று பட்டது இந்தத் திசைமாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

இயந்திரம் செய்வது வெறும் கழித்தல் கணக்கு. பருப்பின் பார்கோடைப் படித்ததும், அந்தப் பாக்கெட் எத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று கடையின் கணினி சொல்லும். மேடையில் அந்த எடை ஏறினால் அடுத்த பொருளுக்குப் போகலாம். அத்தை வைத்தபோது ஏறியது ஒரு துணிப்பையின் எடை. அது பருப்போடு பொருந்தவில்லை, கதை முடிந்தது. ‘சொந்தப் பை’ என்ற பொத்தானை முதலிலேயே அழுத்தியிருந்தால் பையின் எடையைக் கழித்துக்கொண்டிருக்கும். அந்தப் பொத்தான் திரையின் மூலையில் பொடி எழுத்தில் இருந்தது. 2021 டிசம்பரிலிருந்து ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே சொல்லிவரும் ஊரில், அது முதல் திரையிலேயே பெரிதாக இருக்க வேண்டும்.

எடை ஒருபோதும் ஒரே எண்ணாக நிற்பதில்லை. ஒரே கம்பெனியின் இரண்டு அரைக் கிலோ பாக்கெட்டுகள்கூடச் சில கிராம் வேறுபடும். கொத்தமல்லிக் கட்டைக் கேட்கவே வேண்டாம். ஆகவே இத்தனை கிராம் முன்னே பின்னே இருக்கலாம் என்று ஓர் இடைவெளி விடுகிறார்கள். இடைவெளியைக் குறுக்கினால் நேர்மையானவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அகட்டினால் திருட்டு நழுவிவிடும். மேலே கேமரா வைத்து, கை அசைவைக் கணினியே பார்த்து, ‘இந்தப் பொருளைக் காட்டாமல் நகர்த்திவிட்டார்’ என்று சொல்லும் ஏற்பாட்டிலும் இதே இழுபறி உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்களை உதாரணத்துக்காக நானே வைத்துக்கொள்கிறேன். 1,000 பேர் கடைக்கு வருகிறார்கள். அவர்களில் 10 பேர் ஏமாற்றுகிறவர்கள். இயந்திரம் கெட்டிக்கார இயந்திரம், அந்தப் பத்தில் ஒன்பது பேரைப் பிடித்துவிடும். நேர்மையானவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரிடம் மட்டும் தவறாக விளக்கு எரியும். கேட்பதற்கு நல்ல இயந்திரமாகத்தான் தெரிகிறது. ஆனால் நேர்மையானவர்கள் 990 பேர். அதில் நூற்றுக்கு ஐந்து என்றால் ஏறத்தாழ 50. ஆக 59 முறை விளக்கு எரிந்தால் 50 முறை எதிரே நிற்பவர் எந்தத் தவறும் செய்யாதவர். திருடுகிறவர்கள் மிகச் சிலராக இருக்கும் இடத்தில், இப்படி நல்லதாகத் தெரியும் சோதனையும் பெரும்பாலும் நல்லவர்களையே நிறுத்தும். மருத்துவப் பரிசோதனைகளிலும் இதே கணக்கு வருகிறது. அத்தையிடம் இதைச் சொன்னேன். “இதை வரிசையில் நின்றவர்களிடம் யார் சொல்வது?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிரிட்டனில் பூத்ஸ் என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனம் 2023-ல் தன் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் இந்த இயந்திரங்களை எடுக்க முடிவுசெய்து, ஆட்களையே மீண்டும் பில் போட உட்கார வைத்தது. இயந்திரம் மெதுவாக இருக்கிறது, நம்ப முடியவில்லை என்று வாடிக்கையாளர்கள் சொன்னது ஒரு காரணம். உதிரியாக விற்கும் பழம், காய்கறிகளைத் திரையில் படம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பலருக்குச் சிரமமாக இருந்தது இன்னொன்று. காசிமேட்டில் கூறு போட்டு விற்கும் மீனுக்கு எந்தப் படத்தைக் காட்டுவார்கள்?

பார்கோடு பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில் தொடங்கியது இது. அன்றும் சரி, இன்றும் சரி, பாக்கெட்டில் அச்சிட்ட அந்தக் கோடுகளில் விலை கிடையாது. நம் பாக்கெட்டுகளில் 13 இலக்கங்கள் இருக்கும். 890 என்று தொடங்கினால் அந்த எண்ணை வழங்கியது இந்திய அமைப்பு. கடைசி இலக்கம், மற்ற பன்னிரண்டும் சரியாகப் படிக்கப்பட்டனவா என்று சரிபார்ப்பதற்கு. விலை கடையின் கணினியில் இருக்கிறது. அலமாரியில் ஒட்டிய விலையும் கணினியில் உள்ள விலையும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஊழியர் பில் போட்டால் நாம் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். நாமே போடும்போது கண் பொருளில் இருக்கும். அத்தைக்குப் பருப்பில் எட்டு ரூபாய் கூடுதலாகப் போயிருந்தது வீட்டில்தான் தெரிந்தது.

இனி போன் நம்பர். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் பூ வாங்கியவர்களுக்குத் தெரியும்: உதிரிப் பூ என்றால் நிறுத்துத் தருவார்கள், தொடுத்த பூ என்றால் முழம் போட்டுத் தருவார்கள். எண் இல்லாத பில் உதிரிப் பூ. நாம் சொல்லும் பத்து இலக்கம்தான் நார். அதில் தொடுத்தபின் அத்தையின் இரண்டு வருடத்து வாழ்க்கையை முழம் போட்டு அளக்கலாம்.

உதிரியிலிருந்தும் கடைக்கு நிறையத் தெரியும். 1,000 பில்களில் 80-ல் முந்திரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நூற்றுக்கு 8. சேமியா உள்ள பில்கள் 50, அவற்றில் 30-ல் முந்திரியும் இருக்கிறது, நூற்றுக்கு 60. சேமியா வாங்குகிறவர் முந்திரி வாங்கும் வாய்ப்பு மற்றவர்களைச் சேர்த்த சராசரியைவிட ஏழரை மடங்கு. பாயசம் என்று ஒன்று உண்டு என்பதே அந்தக் கணினிக்குத் தெரியாது. ஏழரை என்ற எண் போதும், இரண்டையும் பக்கத்தில் வைக்க. கடினம் எங்கே என்றால், 10,000 பொருள் உள்ள கடையில் இரண்டிரண்டாகச் சேர்த்தாலே ஏறத்தாழ 5 கோடி ஜோடிகள். மூன்று மூன்றாகச் சேர்த்தால் 16,000 கோடிக்கு மேல். இதற்கு 1994-ல் வழி சொன்னவர்கள் ராகேஷ் அகர்வாலும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும். ஒரு ஜோடியே அரிது என்றால் அதோடு மூன்றாவதைச் சேர்த்தால் இன்னும் அரிதாகத்தான் இருக்கும். ஆகவே அந்தக் கிளையை எண்ணாமலே வெட்டிவிடலாம் என்றார்கள். ‘அப்ரியோரி’ என்ற இந்த வழிமுறை இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

இதற்கெல்லாம் யார் பெயரும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். எண் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 273 பெண்கள் சம்மதித்துத் தங்கள் வாடிக்கையாளர் அட்டைகளின் விவரத்தைக் கொடுத்தார்கள். அவர்களில் 153 பேர் சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள். நோய் கண்டறியப்படுவதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே அவர்கள் வலி மாத்திரையும் அஜீரண மருந்தும் மற்றவர்களைவிட அதிகமாக வாங்கியிருந்தார்கள். வயிறு உப்புசம், லேசான வலி. ‘எதையோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நம் வீட்டுப் பெண்களும் தள்ளிப்போடுகிற விஷயங்கள். மருத்துவரிடம் போவதற்கு முன்பே பில்களில் அது பதிவாகிவிட்டது.

இந்த ஆய்வை நான் மனதார வரவேற்கிறேன். இதனால் ஓர் உயிர் சீக்கிரம் காப்பாற்றப்பட்டால் அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தப் பெண்கள் எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தார்கள். நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி என்று சொல்லி அத்தையிடம் வாங்கிய எண்ணிலும் அதே ஆற்றல் இருக்கிறது. அதை அத்தையிடம் யாரும் சொல்லவில்லை.

‘பெயரை நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்துகிறோம்’ என்பது வழக்கமாக வரும் பதில். 2015-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வில், 11 லட்சம் பேர் மூன்று மாதம் கார்டில் செய்த செலவுகளைப் பெயர், கணக்கு எண் எதுவும் இல்லாமல் ஆராய்ந்தார்கள். எந்த நாளில் எந்தக் கடை என்ற தகவல் நான்கு தெரிந்தால் போதும், 90 சதவீதம் பேரைத் தனியே பிரித்துவிட முடிந்தது. செவ்வாய்க்கிழமை பெரம்பூரில் மருந்துக்கடை, வியாழக்கிழமை எம்.சி. ரோட்டில் துணிக்கடை, சனிக்கிழமை ராயபுரத்தில் பேக்கரி, ஞாயிறு மூலக்கடையில் செருப்புக்கடை. இந்த நான்கையும் அதே நாட்களில் செய்தவர் உங்களைத் தவிர அநேகமாக யாரும் இல்லை.

எண்ணைச் சங்கேதமாக மாற்றி வைத்திருக்கிறோம் என்றும் சொல்வார்கள். ‘ஹாஷ்’ என்பது ஓர் எண்ணை அரைத்து, திரும்ப எடுக்க முடியாத எழுத்துக்கோவையாக மாற்றும் முறை. அரைத்த மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தமே 400 கோடிதான். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அரைத்துப் பார்த்து, எது ஒத்துப்போகிறது என்று கண்டுபிடிக்க, நல்ல கிராஃபிக்ஸ் சிப் உள்ள கணினிக்குச் சில நிமிடம்கூடத் தேவையில்லை. ரகசிய உப்பு என்று கூடுதலாக ஒன்றைச் சேர்த்து அரைத்தால்தான் கொஞ்சம் பாதுகாப்பு. அந்த உப்பு கடைக்காரரிடமே இருக்கும்.

எங்கள் தெரு முனை அண்ணாச்சியிடமும் நோட்டு உண்டு. எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் பாக்கி தீர்ந்த அன்று அந்தப் பக்கத்தைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிடுவார். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெரிய கடைகளிடம் கேட்பதும் இதைத்தான்: எதற்காக வாங்கினாயோ அது முடிந்தால், அல்லது கொடுத்தவர் வேண்டாம் என்று சொன்னால், அழித்துவிடு. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதற்கும் முன்பே, 2023 மே மாதத்தில், போன் நம்பர் தந்தால்தான் ஆயிற்று என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது. அப்படியும் வற்புறுத்தினால் புகார் சொல்ல 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

இதையெல்லாம் அத்தையிடம் சொல்லி முடிக்க இரண்டு மாலைகள் ஆயின. போன வாரம் அதே கடைக்கு மறுபடி போனோம். இயந்திரத்தின் பக்கம் போகாமல், ஆள் இருக்கும் கவுன்ட்டரில் நின்றார்.

“நம்பர் சொல்லுங்கள் அம்மா.”

“நம்பர் வேண்டாம் அம்மா. பில் மட்டும் போடு.”

“நம்பர் இல்லாமல் அடுத்த திரைக்குப் போகாது அம்மா.”

அத்தை ஒன்றும் பேசவில்லை, நகரவும் இல்லை. அந்தப் பெண் ஒரு கணம் யோசித்துவிட்டு, ஒரே இலக்கத்தைப் பத்து முறை தட்டினாள். அடுத்த திரை வந்தது. பருப்பின் விலை எத்தனை என்று ஏறுகிறது என அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.